தொழுநோயாளிகளுக்கு ஊசி மருந்து தந்த 23 வயதுப் பெண்

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே இருக்கிறது, ஹவாய்த் தீவுக் கூட்டம். தென்னை மரங்களும் எரிமலைகளும் நிறைந்த அழகிய பூமி. ஒரு காலத்தில் அது தனி ராஜ்யமாக இருந்தது. 1898-ம் ஆண்டில் அமெரிக்கா அதைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது.

அந்த அழகிய தீவுகளிலே 100 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கண்ணீர்க் கதை நடந்தது.

1865-ம் ஆண்டில் ஹவாய் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. தொழுநோய் கண்டவர்களை ஊரில் வைத்திருக்கக் கூடாது, தனி இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும் என்பது சட்டம். அதற்காக மொலோக்காய் என்ற தீவில் கலாவ்பாப்பா என்னும் இடம் ஒதுக்கப்பட்டது. அதற்கு மூன்று பக்கமும் கடல். நாலாவது பக்கம் செங்குத்தான மலை. தப்பி ஓட வழியே கிடையாது. 1866 ஜனவரியில் முதன்முதலாக 12 நோயாளிகள் அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள்.

அன்று தொடங்கியது பிரிவு. தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்தார்கள். கணவனை மனைவியிடமிருந்து பிரித்தார்கள். 1969-ம் ஆண்டில் சட்டம் முடிவுக்கு வரும் வரையில், ஏறத்தாழ 8 ஆயிரம் பேர் அப்படி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊர் மண்ணை மறுபடி மிதிக்கவே இல்லை.

பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் டேமியன் 1873-ல் அங்கே சென்று அவர்களுக்குத் தொண்டு செய்தார். அவரையும் அந்த நோய் பிடித்தது. 1889-ல் அங்கேயே அவர் உயிர் நீத்தார்.

இந்தத் துயரத்துக்கு ஒரு மாற்று உண்டு என்று காட்டியவர் ஓர் இளம் பெண். அவர் பெயர் ஆலிஸ் அகஸ்டா பால். அப்போது அவருக்கு வயது 23.

உலகம் அவருக்கு என்ன கைமாறு செய்தது தெரியுமா? அவருடைய பெயரையே மறந்துவிட்டது! மறந்த பெயர் மீண்டும் வெளியே வர, அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

காட்டு மரத்தின் எண்ணெய்

தொழுநோய் மிகப் பழைய நோய். குஷ்டம் என்றும் பெருவியாதி என்றும் நம் நாட்டில் சொல்வார்கள். பாவத்தின் சம்பளம் என்று ஜனங்கள் நம்பினார்கள். அது பாவமும் அல்ல, சாபமும் அல்ல. ஒரு கிருமியால் வருவது என்பதை நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873-ல் கண்டுபிடித்தார்.

அந்தக் கிருமி நரம்புகளைத் தாக்கும். தோலில் உணர்ச்சி போய்விடும். கையில் நெருப்புப் பட்டாலும் தெரியாது. காலில் முள் தைத்தாலும் தெரியாது. புண் மேல் புண்ணாகி விரல்கள் தேய்ந்துபோகும்.

இதற்கு ஒரு மருந்து ஆசியாவில் நெடுங்காலமாக இருந்து வந்தது. அது சால்மோக்ரா எண்ணெய். பர்மாவிலும் அசாமிலும் உள்ள காடுகளில் வளரும் மரம் அது. சிறிய பூக்கள் பூக்கும். விளாம்பழம் போல் உருண்டையான காய் காய்க்கும். காய்க்குள்ளே பல விதைகள் இருக்கும். விதையை ஆட்டினால் எண்ணெய் வரும். அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு. சித்த வைத்தியர்கள் அதை நீரடிமுத்து என்பார்கள்.

1854-ல் கல்கத்தாவிலிருந்த ஆங்கில டாக்டர் மவாட், சால்மோக்ரா எண்ணெயைப் பற்றி எழுதினார். அது முதல் மேல்நாட்டு டாக்டர்களும் அதைக் கையாளத் தொடங்கினார்கள்.

ஆனால் ஒரு பெரிய தொல்லை. எண்ணெயைக் குடித்தால் குமட்டும், வாந்தி வரும். பல நோயாளிகளால் நாலு நாள்கூட அதைத் தொடர்ந்து சாப்பிட முடியவில்லை. தோலில் தடவினால் பலன் போதவில்லை. சரி, ஊசி மூலம் ஏற்றலாம் என்றால், எண்ணெயோ பிசுபிசுவென்று கெட்டியாக இருந்தது. ஊசி போட்ட இடத்தில் அது உடம்போடு சேராமல் கட்டி கட்டியாக நின்றது. தோல் முழுதும் கொப்புளம் கொப்புளமாக வீங்கியது. வேதனை தாங்க முடியவில்லை.

மருந்து கையில் இருந்தது. அதை உடம்புக்குள் செலுத்த வழி இல்லை!

படம் பிடிக்கும் குடும்பம்

அந்த வழியைக் கண்ட ஆலிஸ், 1892-ம் ஆண்டு ஜூலை மாதம் 24-ந் தேதி அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகரில் பிறந்தார். கறுப்பர் இனத்தைச் சேர்ந்த குடும்பம். உடன்பிறந்தவர்கள் 2 அண்ணன்மார், ஒரு தங்கை.

தகப்பனார் வக்கீல், பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தார். தாத்தா ஜேம்ஸ் பிரெஸ்லி பால் பெயர் பெற்ற புகைப்படக் கலைஞர். கறுப்பர்கள் அடிமைகளாக விற்கப்பட்ட காலத்திலேயே சொந்தமாகப் புகைப்பட நிலையம் நடத்தியவர். அந்தக் காலத்தில் புகைப்படம் எடுப்பது லேசான வேலை அல்ல. வெள்ளிப் பூச்சுத் தகட்டில் அயோடின் ஆவியைப் படியவைத்து, பிறகு பாதரச ஆவியைக் காட்டி, படத்தை வரவழைக்க வேண்டும். ஆகவே அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு ரசாயனம் புதிய பொருள் அல்ல.

தாத்தாவுக்கு மூட்டுவாதம் வந்தது. வெயில் உள்ள ஊரில் இருந்தால் நல்லது என்று குடும்பமே ஹவாய்க்குப் போயிற்று. ஆலிஸ் அப்போது சிறுமி. 1904-ல் தாத்தா காலமானார். மறு ஆண்டு குடும்பம் சியாட்டிலுக்கே திரும்பிவிட்டது.

இரண்டு பட்டம்

1910-ல் ஆலிஸ் பள்ளிப் படிப்பை முடித்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1912-ல் மருந்து ரசாயனத்தில் ஒரு பட்டம். 1914-ல் மருந்தியலில் மற்றொரு பட்டம். அதே ஆண்டில் தம் பேராசிரியருடன் சேர்ந்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை, அமெரிக்க ரசாயனச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியாயிற்று. அந்நாளில் ஒரு பெண்ணுக்கு, அதுவும் கறுப்பினப் பெண்ணுக்கு, அது எளிதில் கிடைக்கக் கூடிய கௌரவம் அல்ல.

மேல்படிப்புக்கு இரண்டு இடங்களில் உதவித்தொகை கிடைத்தது. ஒன்று கலிபோர்னியாவில். மற்றது ஹவாய்க் கல்லூரியில். சிறு வயதில் ஓடி விளையாடிய ஹவாயையே ஆலிஸ் தேர்ந்தெடுத்தார்.

ஹவாய் மக்கள் காவா என்ற செடியின் வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். உடம்பும் மனமும் அமைதி கொள்ளும். அந்த வேருக்குள் இருக்கும் சரக்கு என்ன என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஆலிஸ் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. 1915-ல் எம்.எஸ். பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் மேல்பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். முதல் கறுப்பரும் அவர்தான். பட்டம் கொடுத்த கல்லூரியே அவரை ஆசிரியையாகவும் ஏற்றுக்கொண்டது. அங்கே ரசாயனம் கற்பித்த முதல் பெண் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது.

டாக்டரின் வேண்டுகோள்

ஹவாயின் தலைநகரான ஹோனலூலுவில் கலிஹி ஆஸ்பத்திரி இருந்தது. தொழுநோய் கண்டவர்களை அங்கேதான் முதலில் வைத்துப் பார்ப்பார்கள். குணமாகாவிட்டால், பிறகு கலாவ்பாப்பா!

அங்கே டாக்டர் ஹாரி ஹால்மன் வேலை பார்த்தார். சால்மோக்ரா எண்ணெயில் பலன் இருக்கிறது என்பதை அவர் கண்ணால் கண்டிருந்தார். நோயாளிகள் படும் பாட்டையும் கண்டிருந்தார். எண்ணெயில் உள்ள மருந்துச் சரக்கை மட்டும் பிரித்து, உடம்பு ஏற்கும்படி செய்ய முடியுமா என்பது அவர் கவலை. அதற்கு ஒரு ரசாயன நிபுணர் வேண்டும்.

காவா வேரைப் பிரித்துப் பார்த்த இளம் ஆசிரியையைப் பற்றி அவர் அறிந்தார். உதவி செய்யும்படி கேட்டுக்கொண்டார். ஆலிஸ் சம்மதித்தார்.

வகுப்பு நேரத்தில் மாணவர்களுக்குப் பாடம். மற்ற நேரத்தில் ஆராய்ச்சிச் சாலையில் எண்ணெயோடு போராட்டம். இதுவே அவர் வாழ்க்கை ஆயிற்று.

வில்வ இலை போல

ஆலிஸ் செய்தது என்ன?

எண்ணெய் எதுவானாலும் அதன் அமைப்பு ஒன்றுதான். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் சால்மோக்ரா எண்ணெயும் இதில் ஒன்றே. வில்வ இலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காம்பில் மூன்று இலைகள் சேர்ந்திருக்கும் அல்லவா? அது போல, கிளிசரின் என்ற காம்பில் கொழுப்பு அமிலம் என்ற இலைகள் மூன்று சேர்ந்திருக்கும். இந்த மூன்றும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால்தான் எண்ணெய் கெட்டியாக இருக்கிறது.

எந்த எண்ணெயில் என்ன இலை என்பதில்தான் வேற்றுமை. சால்மோக்ரா எண்ணெயின் இலைகள் தனி ரகம். லண்டனில் பிரடெரிக் பவர் என்ற விஞ்ஞானி 1904-ல் அதைப் பிரித்தெடுத்து, சால்மோக்ரிக் அமிலம் என்று பெயர் வைத்தார். அதன் தம்பி போன்ற ஹிட்னோகார்பிக் அமிலத்தையும் அடுத்துக் கண்டார். மற்ற எண்ணெய்களின் அமிலங்கள் நீண்ட சங்கிலி போல இருக்கும். இந்த இரண்டு அமிலங்களிலோ சங்கிலியின் நுனியில் ஒரு சிறு வளையம் உண்டு.

சோப்புக் காய்ச்சும்போது காரம் சேர்த்து எண்ணெயை உடைப்பார்கள். அது போல எண்ணெயை உடைத்தால், காம்பு வேறு, இலை வேறு என்று பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்த ஒவ்வோர் இலைக்கும் ஆலிஸ் ஒரு சின்னஞ்சிறு காம்பு கொடுத்தார். அந்தச் சிறு காம்புதான் எத்தில் ஆல்கஹால், அதாவது சுத்தமான சாராயம். மூன்று இலைக் கொத்தாக இருந்தது, தனித்தனி இலைகளாக ஆயிற்று. இந்தப் புதிய பொருளுக்கு எத்தில் எஸ்டர் என்று பெயர்.

பலன் என்ன? பிசுபிசுவென்றிருந்த எண்ணெய் இளகி, நீர்க்க ஓடும் திரவமாக மாறிவிட்டது! ஊசியில் தடையின்றி இறங்கிற்று. உடம்பும் அதை ஏற்றுக்கொண்டது. மருந்துச் சரக்கும் கெடவில்லை.

எத்தனையோ டாக்டர்களைத் திகைக்க வைத்த சிக்கல் அவிழ்ந்தது.

திடீர் முடிவு

அந்த வெற்றியை அனுபவிக்க ஆலிஸுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1916-ல் அவர் நோயுற்றார். சிகிச்சைக்காகச் சியாட்டிலுக்குத் திரும்பினார். அந்த ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. வயது 24.

ஐரோப்பாவில் அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. விஷ வாயுவைத் தடுக்கும் முகமூடியைப் பற்றி வகுப்பில் செய்து காட்டியபோது, குளோரின் வாயுவைச் சுவாசித்ததால் அவர் நோயுற்றார் என்று ஹோனலூலு பத்திரிகை எழுதிற்று. மரணச் சான்றிதழிலோ காசநோய் என்று திருத்தி எழுதப்பட்டிருந்தது.

தம் ஆராய்ச்சியைக் கட்டுரையாக எழுதி வெளியிட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதுதான் பின்னால் வந்த அநீதிக்கு இடம் கொடுத்தது.

பெயர் மாறியது

ஹவாய்க் கல்லூரியின் தலைவராக இருந்தவர் ஆர்தர் டீன். அவரும் ரசாயன நிபுணரே. ஆலிஸ் விட்ட இடத்திலிருந்து அவர் வேலையைத் தொடர்ந்தார். கல்லூரி ஆராய்ச்சிச் சாலையில் மருந்தை ஏராளமாகத் தயார் செய்தார். கலிஹி ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டது.

அதுவரை நல்லதுதான். ஆனால் அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளில் ஆலிஸின் பெயர் இல்லை. டீன் முறை என்ற பெயரில் அந்தச் சிகிச்சை உலகமெங்கும் பரவியது.

ஒருவர் மட்டும் பேசாமல் இருக்கவில்லை. அவர்தான் டாக்டர் ஹால்மன். 1922-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். முறையைக் கண்டுபிடித்தவர் ஆலிஸ் பால்தான் என்று அதில் தெளிவாகச் சொன்னார். அதற்குப் பால் முறை என்றே பெயர் சூட்டினார். பின்னால் செய்யப்பட்ட மாறுதல்களால் மூல முறை எவ்விதத்திலும் மேம்பட்டதாகத் தமக்குத் தோன்றவில்லை என்றும் எழுதினார். காலமாகிவிட்ட ஓர் இளம் பெண்ணுக்காக, செல்வாக்குள்ள ஒரு கல்லூரித் தலைவரை எதிர்த்து எழுதிய நேர்மை அவருடையது. ஆனால் ஒற்றைக் குரல் எத்தனை தூரம் கேட்கும்? கட்டுரை புத்தக அலமாரியில் தூங்கிப் போயிற்று.

வீடு திரும்பினார்கள்

பெயர் எவருடையதாக இருந்தாலும் மருந்து வேலை செய்தது.

1918-ம் ஆண்டை அடுத்த சிறிது காலத்துக்குள், கலிஹி ஆஸ்பத்திரியிலிருந்து 78 பேர் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர்கள் அனுமதி கொடுத்தார்கள். கலாவ்பாப்பாவுக்குப் படகேற வேண்டியிருந்தவர்கள், சொந்த வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்! பெற்ற பிள்ளையை மீண்டும் தூக்கிக் கொஞ்சினார்கள். 23 வயதுப் பெண் பட்ட பாடு வீண் போகவில்லை.

மருந்துக்குத் தேவை பெருகியது. விதைக்கு எங்கே போவது? ஹவாய்க் கல்லூரியில் வேலை பார்த்தவரான தாவர நிபுணர் ஜோசப் ராக், 1920-ல் அமெரிக்க அரசாங்கத்தின் சார்பில் புறப்பட்டார். சயாம், பர்மா, அசாம் காடுகளில் அலைந்து, சால்மோக்ரா மரங்களைத் தேடிக் கண்டார். அவர் சேகரித்த விதைகளைக் கொண்டு ஹவாயில் ஒரு தோப்பே உண்டாக்கினார்கள்.

இந்தியாவிலும் தொழுநோய் இல்லங்களில் நீரடிமுத்து எண்ணெயும் அதன் எஸ்டரும் 1940-கள் வரை ஊசி மருந்தாக இருந்து வந்தன.

கிருமியைக் கொன்றதா?

இந்த எண்ணெய் உண்மையில் கிருமியைக் கொல்கிறதா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. கலிபோர்னியாவில் வாக்கர், ஸ்வீனி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1920-ல் இதைச் சோதித்தார்கள். சோதனைக் குழாயில் கிருமிகளை வளர்த்து, சால்மோக்ரா அமிலங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். காசநோய், தொழுநோய் இவற்றின் கிருமிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; மெழுகு போன்ற கொழுப்பு உறை கொண்டவை. அந்தக் குடும்பத்துக் கிருமிகள் மடிந்தன. மற்றக் கிருமிகள் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. சாதாரண எண்ணெய்களின் அமிலங்களுக்கு இந்தச் சக்தி இல்லை. ஆகவே நுனியில் உள்ள வளையத்தில்தான் விசேஷம் இருக்கிறது என்று அவர்கள் கருதினார்கள். 1970-களில் எலிகளிடம் சோதித்தபோதும், இந்த அமிலங்கள் தொழுநோய்க் கிருமி பெருகுவதைத் தடுப்பது தெரிந்தது.

ஆனாலும் அது முழு மருந்து அல்ல. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வலியும் உண்டு. ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்கு நல்ல பலன். முற்றியவர்களுக்குக் குறைந்த பலன். குணமானவர்கள் சிலருக்கு நோய் மீண்டும் வந்தது.

1941-ல் அமெரிக்காவில் சல்போன் என்ற இனத்தைச் சேர்ந்த மருந்து வந்தது. பிறகு டாப்சோன் மாத்திரை வந்தது. எண்ணெய் ஊசி மெல்ல மறைந்தது. 1980-கள் முதல் சில மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை கையாளப்படுகிறது. 6 மாதம் அல்லது ஓராண்டு தவறாமல் சாப்பிட்டால் நோய் பூரணமாகக் குணமாகிவிடும். அந்த நல்ல மருந்துகள் வரும் வரையில், 20 ஆண்டுகளுக்கு மேலாக நோயாளிகளுக்குக் கைகொடுத்தது ஆலிஸ் காட்டிய வழிதான்.

பெயர் திரும்பியது

1970-களில் ஹவாயில் கேத்ரின் தகாரா, ஸ்டான்லி அலி என்ற ஆராய்ச்சியாளர்கள் பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். ஆலிஸ் பாலின் பெயர் அதிலே கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உண்மை வெளியே வந்தது.

2000-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆலிஸின் பெயர் பொறித்த தகடு வைக்கப்பட்டது. எங்கே தெரியுமா? அந்தப் பல்கலைக்கழகத்தில் நின்ற ஒரு சால்மோக்ரா மரத்தின் அடியில்! அந்த நாளே ஆலிஸ் பால் தினம் என்று அறிவிக்கப்பட்டது. 2007-ல் பல்கலைக்கழகம் தன் உயர்ந்த பதக்கத்தை அவருக்கு அளித்தது. பிப்ரவரி 29 நாலு ஆண்டுக்கு ஒருமுறைதானே வரும்? 2022-ல் ஹவாய் கவர்னர் பிப்ரவரி 28-ந் தேதியை ஆலிஸ் பால் தினமாக அறிவித்தார்.

அவர் இறந்து 90 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பதக்கம். வாங்கிக்கொள்ள அவர் இல்லை. ஆனாலும், உரியவருக்கு உரியது போய்ச் சேர்ந்தது.

அவர் பாடுபட்ட வேலை இன்னும் முடியவில்லை. 2023-ல் உலகில் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவில் இருந்தார்கள். தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் உணர்ச்சி இல்லாமல் இருந்தால் மறைக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். மருந்துக்குக் காசு இல்லை. மருந்து சாப்பிடத் தொடங்கியதும், பிறருக்குத் தொற்றும் பயம் விரைவில் நீங்கிவிடும். அதனால் யாரும் யாரையும் வீட்டை விட்டு அனுப்ப வேண்டியதில்லை.

நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதே வழி என்று உலகம் நினைத்த காலத்தில், அவனை வீட்டுக்கு அனுப்பவும் ஒரு வழி உண்டு என்று காட்டியவர் ஆலிஸ் பால்.